ஹாட்ஸ்பாட் போடுவதும், போட்டபின் டேட்டாவைக் காப்பதும்

சென்ற ஆண்டு தஞ்சாவூரில் உறவினர் திருமணம் ஒன்றில், ஊர் திரும்புவதற்கான ரயில் டிக்கெட் உறுதியாகிவிட்டதா என்று பார்ப்பதற்காக என் பெரியப்பா கைப்பேசியை எடுத்தார். அவருடைய பேக் முந்தைய நாள் இரவோடு முடிந்திருந்தது. "உன் நெட்டைக் கொஞ்சம் கொடுப்பா" என்றார். ஹாட்ஸ்பாட்டைப் போட்டுக் கொடுத்துவிட்டு நான் பந்திக்குப் போனேன். இலையில் பாயசம் வருவதற்குள், அன்றைய டேட்டா முழுவதும் தீர்ந்துவிட்டதாக எனக்குக் குறுஞ்செய்தி வந்துவிட்டது. காலையிலிருந்து செலவழிக்காமல் வைத்திருந்த 1 ஜிபிக்கு மேல் போயிருந்தது. பெரியப்பா டிக்கெட்டைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. ஒரு நாள் முழுக்க நெட் இல்லாமல் கிடந்த அவருடைய வாட்ஸ்அப், வைஃபை கிடைத்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு, குடும்பக் குழுக்களில் குவிந்திருந்த கல்யாண வீடியோக்களை ஒன்றுவிடாமல் இறக்கிக்கொண்டிருந்தது.

ஒரு கைப்பேசியின் இணையத்தை இன்னொன்றுக்குத் தருவது ஒரு நிமிட வேலை. ஆனால் வாங்கும் கைப்பேசி, அது யாருடைய கணக்கிலிருந்து வருகிறது என்று பொதுவாகக் கவலைப்படுவதில்லை. ஆகவே இணைக்கும் முறையைச் சொன்னபின், வாங்கும் கைப்பேசியில் செய்ய வேண்டியவற்றைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். அனுபவத்தில் அதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள்.

ஹாட்ஸ்பாட்டைப் போட்டவுடன் உங்கள் கைப்பேசி, வீட்டில் இருக்கும் வைஃபை ரவுட்டரின் வேலையைச் செய்யத் தொடங்குகிறது. ஒருபுறம் சிம் வழியாக மொபைல் கோபுரத்தோடு பேசிக்கொண்டே, மறுபுறம் தன் சொந்தப் பெயரில் ஒரு சிறிய வைஃபை வலையை விரித்து, அதில் வந்து சேரும் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் உள்முகவரியைக் கொடுக்கிறது. சேர்ந்தவர்கள் எத்தனை பேராக இருந்தாலும், வெளியுலகுக்குப் போகும் போக்குவரத்து முழுவதும் உங்கள் சிம் ஒன்றின் வழியாகவே போகிறது. டேட்டா கணக்கும் உங்களுடையது. அந்த இணைப்பில் யாராவது தகாத வேலை செய்து விசாரணை என்று வந்தால் முதலில் தேடப்படுவதும் சிம் யார் பெயரில் இருக்கிறதோ அவரைத்தான். பேருந்து நிலையத்தில் முகம் தெரியாதவர் கேட்டால் நான் தயங்குவதற்கு இதுவே காரணம்.

ஆண்ட்ராய்டு கைப்பேசியில் முதலில் மொபைல் டேட்டா ஓடுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு செட்டிங்ஸில் 'நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்' என்ற பகுதிக்குள் 'ஹாட்ஸ்பாட் அண்ட் டெதரிங்' என்பதைத் திறந்தால், 'வைஃபை ஹாட்ஸ்பாட்' என்ற வரி இருக்கும். சாம்சங்கில் இதே இடம் 'கனெக்‌ஷன்ஸ்' என்பதற்குள்ளும், ரெட்மி கைப்பேசிகளில் 'போர்ட்டபிள் ஹாட்ஸ்பாட்' என்ற பெயரிலும் வரும். பெயர் குழப்பினால், செட்டிங்ஸின் மேலே உள்ள தேடல் பெட்டியில் ஹாட்ஸ்பாட் என்று தட்டுவதே குறுக்கு வழி. முதல்முறை போடும்போது அந்தப் பக்கத்திலேயே ஹாட்ஸ்பாட்டின் பெயரையும் பாஸ்வேர்டையும் உங்களுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம். அதற்குப் பிறகு, திரையின் மேலிருந்து கீழே இழுத்தால் வரும் பொத்தான்களில் ஹாட்ஸ்பாட்டையும் சேர்த்து வைத்துக்கொண்டால் ஒரே தட்டில் முடிந்துவிடும்.

ஐபோனில் செட்டிங்ஸுக்குள் 'பெர்சனல் ஹாட்ஸ்பாட்' என்பதைத் திறந்து, 'அலோ அதர்ஸ் டு ஜாயின்' என்ற பொத்தானை இயக்க வேண்டும். பாஸ்வேர்டு அதற்குக் கீழேயே இருக்கும். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு: பிற நிறுவனக் கைப்பேசி ஒன்று ஐபோனோடு சேர வேண்டுமானால், அது சேர்ந்து முடியும்வரை ஐபோனில் அந்தப் பக்கத்தைவிட்டு வெளியேறக் கூடாது. பொத்தானை இயக்கிவிட்டுக் கைப்பேசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டால், எதிரில் இருப்பவர் பட்டியலில் உங்கள் பெயரைத் தேடிக்கொண்டே இருப்பார். ஐபோன் 12 முதலான கைப்பேசிகளில் அதே பக்கத்தில் 'மேக்ஸிமைஸ் கம்பாடிபிலிட்டி' என்ற பொத்தானும் இருக்கும். பழைய ஆண்ட்ராய்டு கைப்பேசிக்குப் பெயர் தெரியவில்லை என்றால் அதை இயக்கிப் பாருங்கள். ஹாட்ஸ்பாட்டின் பெயரை மாற்ற ஐபோனில் தனி இடம் இல்லை. 'ஜெனரல்', 'அபவுட்' என்று போய்க் கைப்பேசியின் பெயரையே மாற்ற வேண்டும்.

வாங்கும் கைப்பேசியில் வைஃபையை இயக்கி, பட்டியலில் உங்கள் ஹாட்ஸ்பாட்டின் பெயரைத் தொட்டுப் பாஸ்வேர்டைக் கொடுத்தால் போதும். பாஸ்வேர்டை எழுத்தெழுத்தாக வாய்விட்டுச் சொல்வதைவிட, இப்போதுள்ள பெரும்பாலான ஆண்ட்ராய்டு கைப்பேசிகளின் ஹாட்ஸ்பாட் பக்கத்தில் வரும் கியூஆர் கோடைக் காட்டுவது எளிது. கேமராவை அதன்மேல் பிடித்தவுடன் இணைந்துவிடும். பக்கத்து இருக்கைக்காரர் காதிலும் பாஸ்வேர்டு விழாது.

பாஸ்வேர்டு குறைந்தது எட்டு எழுத்தாக இருக்க வேண்டும் என்பது வைஃபை விதி. ஒன்றிலிருந்து எட்டுவரை வரிசையாக வைப்பதும், சொந்தக் கைப்பேசி எண்ணையே வைப்பதும் நம்மிடையே பரவலான பழக்கம், இரண்டும் வேண்டாம். பாதுகாப்பு வகையில் டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 என்று இருக்க வேண்டுமே தவிர, பாஸ்வேர்டே கேட்காத 'நன்' என்பதை எக்காரணம் கொண்டும் தேர்ந்தெடுக்காதீர்கள். அது வாசல் கதவைக் கழற்றி வைப்பதற்குச் சமம். டபிள்யூபிஏ3 மட்டும் என்று வைத்தால் சில பழைய கைப்பேசிகள் சேர மறுக்கும். இரண்டையும் ஏற்கும் வகை இருந்தால் அதுவே வசதி.

இனி, பெரியப்பாவின் கைப்பேசியில் நான் முன்பே செய்திருக்க வேண்டியவை. பெரும்பாலான செயலிகளில், மொபைல் டேட்டாவில் சிக்கனமாகவும் வைஃபையில் தாராளமாகவும் நடந்துகொள்ளும்படிதான் ஏற்பாடு இருக்கிறது. வாட்ஸ்அப்பின் செட்டிங்ஸில் 'ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா' என்ற பகுதிக்குள், வைஃபையில் இருக்கும்போது தானாக இறங்க வேண்டியவை எவை என்று ஒரு வரி இருக்கும். அங்கே படம், ஒலி, வீடியோ, ஆவணம் நான்கிலும் உள்ள குறிகளை எடுத்துவிட்டால், குரல் செய்திகளைத் தவிர எதுவும் கேட்காமல் இறங்காது. ப்ளே ஸ்டோர், செயலிகளைப் புதுப்பிக்க வைஃபைக்காகவே காத்திருக்கும். அதன் 'நெட்வொர்க் பிரிஃபரன்சஸ்' பகுதியில் தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்திவிடலாம். யூடியூபில் மொபைல் டேட்டாவுக்கு ஒன்றும் வைஃபைக்கு ஒன்றுமாக இரண்டு படத்தர அமைப்புகள் இருக்கின்றன. வைஃபைக்கு உரியதையும் 'டேட்டா சேவர்' என்று மாற்ற வேண்டும். கூகுள் போட்டோஸின் பேக்கப்பை அந்த நேரத்துக்கு நிறுத்தி வையுங்கள்.

இவ்வளவையும் ஒவ்வொன்றாகச் செய்யப் பொறுமை இல்லாவிட்டால், ஒரே இடத்தில் கடிவாளம் போடவும் வழி உண்டு. வாங்கும் ஆண்ட்ராய்டில் வைஃபை பட்டியலைத் திறந்து, இணைந்துள்ள ஹாட்ஸ்பாட்டின் பக்கத்தில் இருக்கும் பல்சக்கரத்தைத் தொட்டால், 'நெட்வொர்க் யூசேஜ்' என்ற வரி வரும். அதில் 'ட்ரீட் ஆஸ் மீட்டர்ட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். இது அளவு பார்த்துச் செலவழிக்க வேண்டிய இணைப்பு என்று அந்தக் கைப்பேசிக்குச் சொல்வதாக இதற்குப் பொருள். உண்மையில் ஆண்ட்ராய்டு ஹாட்ஸ்பாட், முகவரி கொடுக்கும்போதே இப்படியொரு குறிப்பையும் சேர்த்துத்தான் அனுப்புகிறது. வாங்குவதும் ஆண்ட்ராய்டாக இருந்தால் அது தானே புரிந்துகொள்ளும். இருந்தும் எல்லாச் செயலிகளும் அந்தக் குறிப்பை மதிப்பதில்லை என்பதால், கையால் ஒருமுறை பார்த்துவிடுவதே நல்லது. வாங்குவது ஐபோனாக இருந்தால், வைஃபை பெயருக்கு அருகிலுள்ள நீல 'ஐ' குறியைத் தொட்டு 'லோ டேட்டா மோட்' என்பதை இயக்குங்கள்; ஐஓஎஸ் 13 முதல் இந்த வசதி இருக்கிறது.

டேட்டா தீர்ந்தால் என்ன ஆகும் என்பதையும் கணக்காகவே பார்த்துவிடலாம். நாளொன்றுக்கு 1.5 ஜிபி, 2 ஜிபி என்று வரும் நம் நாட்டுப் பேக்குகள் பலவற்றில், அந்த அளவு முடிந்ததும் இணைப்பு அறுந்துவிடுவதில்லை; வேகம் 64 கேபிபிஎஸ் என்ற அளவுக்கு இறங்கிவிடுகிறது. அதாவது நொடிக்கு 8 கிலோபைட். 1 எம்பி அளவுள்ள ஒரு படம் இறங்கவே இரண்டு நிமிடத்துக்கு மேலாகும். அன்று மண்டபத்திலிருந்து வீடு திரும்ப வண்டி பதிவு செய்யும்போது, வரைபடம் கட்டம் கட்டமாகத் திறந்ததை நான் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். 5ஜி அளவில்லாமல் கிடைக்கும் பேக் வைத்திருப்பவர்களும் அசட்டையாக இருக்க முடியாது. சிக்னல் 4ஜிக்கு இறங்கும் இடங்களில் செலவு நாள் கணக்கிலிருந்தே கழியும். சில நிறுவனக் கைப்பேசிகளின் ஹாட்ஸ்பாட் பக்கத்தில், இத்தனை எம்பி போனதும் தானாக நின்றுவிட வேண்டும் என்று வரம்பு வைக்கலாம். இருந்தால் தவறாமல் வையுங்கள்.

வேகம் குறைவாகத் தெரிந்தால், இரண்டு கைப்பேசிகளுக்கும் இடையிலான தூரத்தைவிட, தரும் கைப்பேசிக்கும் கோபுரத்துக்கும் இடையிலான சிக்னலைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். தருவதைச் சன்னலோரம் வைத்துவிட்டு, வாங்குவதை எடுத்துக்கொண்டு நீங்கள் அறைக்குள் உட்காருங்கள். இரும்பு பீரோவின் மேல் வைக்காதீர்கள். ஹாட்ஸ்பாட்டில் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசைகள் இருந்தால், முதலாவது சுவரைத் தாண்டியும் ஓரளவு எட்டும், பழைய கைப்பேசிகளுக்கும் தெரியும். இரண்டாவது ஒரே அறைக்குள் வேகமாக இருக்கும். இத்தனை வேலையும் செய்யும் கைப்பேசி சூடாவதும், பேட்டரி வேகமாக இறங்குவதும் இயல்பு. சார்ஜில் போட்டுக்கொண்டே ஹாட்ஸ்பாட் தருவதாக இருந்தால் தலையணைக்கு அடியில் மட்டும் வைக்க வேண்டாம்.

இணைந்தும் இணையம் வரவில்லை என்றால், தரும் கைப்பேசியிலேயே ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கள். அங்கேயும் வரவில்லை என்றால் குற்றம் ஹாட்ஸ்பாட்டில் இல்லை. டேட்டா அணைந்திருக்கலாம், நாள் அளவு தீர்ந்திருக்கலாம், இரட்டை சிம் கைப்பேசியில் பேக் இல்லாத சிம் டேட்டாவுக்குத் தேர்வாகியிருக்கலாம். ஹாட்ஸ்பாட் பொத்தானையே அழுத்த முடியாமல் மங்கலாகத் தெரிந்தால், பெரும்பாலும் தரும் ஆண்ட்ராய்டில் டேட்டா சேவர் இயங்கிக்கொண்டிருக்கும். அது இயங்கும்போது ஹாட்ஸ்பாட் தர முடியாது. ஏற்கெனவே சேர்ந்திருந்த கைப்பேசி இப்போது சேர மறுத்தால், நீங்கள் இடையில் பாஸ்வேர்டை மாற்றியிருப்பீர்கள். அந்தக் கைப்பேசியில் 'ஃபர்கெட்' கொடுத்துப் புதிதாக இணைக்க வேண்டும். நன்றாக ஓடிக்கொண்டிருந்தது திடீரென்று நின்றால், தருபவருக்கு இன்னொரு சிம்மில் அழைப்பு வந்திருக்கிறதா என்று பாருங்கள். பல இரட்டை சிம் கைப்பேசிகளில் ஒரு சிம்மில் பேசும்போது மற்றதில் டேட்டா நின்றுவிடும்.

பேக் தீர்ந்தவருக்கு இன்னொருவரின் நெட் பெரும்பாலும் ரீசார்ஜ் செய்யத்தான் தேவைப்படுகிறது. ஏற்கெனவே பதிவு செய்த யுபிஐ செயலி ஹாட்ஸ்பாட்டில் தடையின்றி வேலை செய்யும். ஆனால் புதுக் கைப்பேசியில் யுபிஐயை முதல்முறை பதிவு செய்வதாக இருந்தால், வங்கிக் கணக்கோடு இணைந்த அந்த சிம்மிலிருந்தே ஒரு குறுஞ்செய்தி போயாக வேண்டும். அதை ஹாட்ஸ்பாட் அனுப்பித் தராது. வேறொருவர் தன் கைப்பேசியிலிருந்து அந்த ரீசார்ஜைச் செய்துவிடுவது சுருக்கமான வழி.

வைஃபை எதனாலோ ஒத்துழைக்காதபோது புளூடூத் வழியாகவும் தரலாம். இரண்டையும் புளூடூத்தில் ஜோடி சேர்த்து, தருவதில் 'புளூடூத் டெதரிங்' என்பதை இயக்கி, வாங்கும் ஆண்ட்ராய்டில் ஜோடி சேர்ந்த கைப்பேசியின் பெயருக்குள் 'இன்டர்நெட் ஆக்சஸ்' என்பதை இயக்க வேண்டும். வேகம் மிகக் குறைவு, வீடியோவுக்கு ஆகாது. செய்தி அனுப்பவும் டிக்கெட் பார்க்கவும் போதும், பேட்டரியும் குறைவாகவே செலவாகும்.

வேலை முடிந்ததும் அணைத்துவிடுங்கள். யாரும் இணைந்திராவிட்டால் சிறிது நேரத்தில் தானாக அணையும் வசதி பல ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் உண்டு. ஆனால் ஒரு கைப்பேசியாவது ஒட்டிக்கொண்டிருக்கும்வரை அது அணையாது. ஒருமுறை சேர்ந்த கைப்பேசி பாஸ்வேர்டை நினைவில் வைத்திருந்து, அடுத்தமுறை நீங்கள் வேறு யாருக்காகவோ ஹாட்ஸ்பாட் போடும்போது கேட்காமலே வந்து சேர்ந்துகொள்ளும். என் மடிக்கணினிக்காக ஹாட்ஸ்பாட் போட்ட ஒரு மாலையில், இணைந்தவர் எண்ணிக்கை 2 என்று காட்டியது. மாடி வீட்டுப் பையன் முந்தைய வாரம் பரீட்சை முடிவு பார்க்க வாங்கியிருந்தான். அன்றே பாஸ்வேர்டை மாற்றினேன்.