குளக்கரை வகுப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் ஒரு இளம் ஆசிரியர் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளைக் குளத்துக்கு அழைத்துப் போனார். துணைக்கு நானும் போயிருந்தேன். பத்து வருடத்துக்கு முன் நான் செய்ததை எல்லாம் ஒன்றுவிடாமல் அவரும் செய்தார். அதனால்தான் இதை எழுதுகிறேன். வழுக்கும் கரை, தொப்பி, கை கழுவுவது எல்லாம் எல்லாருக்கும் தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஒரே ஒரு பகல் சோதனையை வைத்துத் தீர்ப்பு எழுதுவது

எனக்கு இன்னும் ஆறாத விஷயம் இது. குப்பியில் நீர் எடுத்து, மருந்துச் சொட்டு விட்டு, நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டு, ஆக்சிஜன் அளவைப் பிள்ளைகள் உற்சாகமாகக் கத்திச் சொல்வார்கள். எண் பெரிதாக இருந்தால் "நல்ல தண்ணீர்" என்று எழுதிவிட்டுப் பஸ் ஏறிவிடுகிறோம்.

நான் அப்படி எழுத வைத்த குளம் பச்சைப் பசேலென்று இருந்தது. நடுப்பகல், நீரின் வெப்பம் 30 டிகிரி, ஆக்சிஜன் லிட்டருக்கு 11 மில்லிகிராம். அந்த வெப்பத்தில் காற்றிலிருந்து மட்டும் கரைவதென்றால் நன்னீரில் ஏழரை மில்லிகிராம்தான் நிற்கும். மீதி எங்கிருந்து வந்தது என்று நான் அங்கேயே கேட்டிருக்க வேண்டும். வெயிலில் பாசி ஒளிச்சேர்க்கை செய்து கொட்டிய ஆக்சிஜன் அது. பொழுது சாய்ந்தால் ஒளிச்சேர்க்கை நின்றுவிடும், சுவாசம் நிற்காது. பாசி, மீன், அடிச்சேற்றில் இலையை மட்க வைக்கும் பாக்டீரியா என எல்லாம் ஒரே இருப்பிலிருந்து இரவு முழுக்க எடுத்துக்கொண்டே இருக்கும். விடியும் நேரத்தில் அளவு அடிமட்டத்துக்குப் போய்விடும்.

நாலாம் நாள் காலை மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. சில ஏற்கெனவே வெள்ளை வயிறு தெரிய மிதந்தன. பள்ளிக்கு வரும் வழியில் அதைப் பார்த்துவிட்ட ஒரு சிறுமி கேட்டாள்: "சார், நாமதானே நல்ல தண்ணின்னு எழுதினோம்?" அப்புறம் அந்த வகுப்பு எந்த எண்ணையும் நம்பவில்லை. திரும்ப நம்ப வைக்க ஒரு பருவம் முழுக்கப் பிடித்தது.

அதனால் ஒரே இடத்தில் விடியலில் ஒரு தடவை, நடுப்பகலில் ஒரு தடவை அளந்துவிடுங்கள். பிள்ளைகளை விடியலில் கூட்டிப் போக முடியாதென்றால் நீங்கள் போய் அளந்து வாருங்கள். எண்ணுக்குப் பக்கத்தில் நேரம், நீரின் வெப்பம், வானம் எப்படி இருந்தது என்று எழுத வையுங்கள். நேரம் எழுதாத எண்ணை நான் இப்போது பலகையில் ஏற்றுவதே இல்லை.

அதோடு பூச்சிகளையும் கேளுங்கள். அவை இரவும் பகலும் அங்கேயே கிடப்பவை. ஓடைக் கல்லின் அடியில் வயிற்றோரம் செவுள் அசையும் மேஃபிளை (நீரோரம் பறக்கும் ஒரு சிறு பூச்சி) இளம்பூச்சிகள் பல வகை தென்பட்டால், வாரக்கணக்காக ஆக்சிஜன் பெரிதாகக் குறையவில்லை என்று நம்பலாம். சேற்றில் வாழும் சிவப்பு நிறக் கொசுபோன்ற பூச்சியின் புழுவான ரத்தப்புழுவுக்கு, நம் ரத்தத்தில் இருப்பது போல ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும் ஹீமோகுளோபின் உண்டு, அதனால் ஆக்சிஜன் குறைந்த சேற்றிலும் தாக்குப்பிடிக்கும். நல்ல நீரிலும் அது இருக்கும் என்பதால் அதைக் கண்டதும் பதறாதீர்கள். வேறு எதுவும் இல்லாமல் அது மட்டும் மண்டிக் கிடந்தால் சந்தேகப்படுங்கள்.

தெளிந்த நீரைச் சுத்தமான நீர் என்பது

வயல் உரத்திலிருந்தும் சாக்கடையிலிருந்தும் வந்து நீரைக் கெடுக்கும் நைட்ரேட்டுக்கு நிறம் கிடையாது.

பார்க்கும் முன்பே விளக்கிவிடுவது

வெள்ளைத் தட்டில் தட்டானின் இளம்பூச்சியையும் நாலைந்து கொசுப்புழுக்களையும் விட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். இளம்பூச்சி சேற்று நிறத்தில் செத்தது போலக் கிடக்கும். ஒரு கொசுப்புழு நெளிந்து பக்கத்தில் வந்ததும், முகத்தடியில் மடித்து வைத்திருக்கும் கீழுதடு கை மாதிரி நீண்டு அதைக் கவ்வி இழுத்துவிடும். கண்ணிமைத்தால் தவறிவிடும். அடுத்ததற்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்திருக்கும் பிள்ளைகளிடம் உணவுச் சங்கிலி என்ற சொல்லை அதற்கப்புறம் சொன்னால் போதும்.

தட்டை வெயிலில் வைப்பது

வைக்காதீர்கள். நீர் சுட்டால் ஆக்சிஜன் போய்விடும், பிள்ளைகள் கண்முன்னே பூச்சிகள் சாகும்.

தொட்டி மீனை ஓடையில் விடுவது

கூடவே கூடாது. பாவம் என்று கேட்டாலும் கூடாது.

புரட்டிய கல்லை அப்படியே விடுவது

அதே குழியில், அதே பக்கம் கீழே இருக்கும்படி, புரட்டிய பிள்ளையே திருப்பி வைக்கட்டும்.