வடசென்னைக்குக் குடிவருபவர்களுக்கு: பேட்டரி வண்டி வாங்கும் முன்

ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளியினருக்கானது), பேங்க் கணக்கு, கேஸ் சிலிண்டர் எல்லாம் எப்படியோ நடந்துவிடும். ஓசிஐ அட்டைக்காரர்களுக்கு ஆதார் மட்டும் இந்தியாவில் 182 நாள் இருந்த பிறகுதான். அதுவரை யாரிடம் கத்தியும் பயனில்லை. இதையெல்லாம் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் எழுத வந்தது வேறு. வீட்டில் ஒருவருக்கு நடக்க முடியாமல், லண்டனில் ஓட்டிப் பழகிய மொபிலிட்டி ஸ்கூட்டரை (நடக்க முடியாதவர் உட்கார்ந்து ஓட்டும் பேட்டரி வண்டி) இங்கேயும் வாங்கித் தர நினைப்பவர்கள் மட்டும் படியுங்கள்.

இருபத்திரண்டு வருஷம் லண்டன் ஈஸ்ட் ஹாமில் இருந்துவிட்டு, பழைய வண்ணாரப்பேட்டையில் என் அம்மா வீட்டுக் கீழ்ப் போர்ஷனுக்கு வந்தோம். என் வீட்டுக்காரருக்கு ஸ்ட்ரோக்குக்குப் பிறகு இடது பக்கம் பலமில்லை. அங்கே நமக்குத் தெரிந்த வழக்கம் என்ன? கடையில் ஒரு படிவத்தில் உடல்நிலையை எழுதிக் கையெழுத்துப் போட்டால் வாட் (அந்த ஊர் விற்பனை வரி) இல்லாமல் வண்டி வரும். இங்கே அந்தப் படிவமே கிடையாது. அங்கே ஆளைப் பார்த்து வரிச்சலுகை, இங்கே பொருளைப் பார்த்து. மாற்றுத்திறனாளிகளுக்கான வண்டி என்றால் யார் வாங்கினாலும் 5 சதவீத ஜிஎஸ்டிதான். கடைக்காரர் அந்த அட்டை, இந்தச் சான்றிதழ் என்று இழுத்தால், பில்லில் 8713 என்ற எண்ணை (இந்த வகை வண்டிக்கான ஜிஎஸ்டி குறியீடு) போடச் சொல்லுங்கள், போதும்.

வண்டியைத் தேர்ந்தெடுப்பது பற்றிச் சுருக்கமாக. கடையில் ஓட்டிக் காட்டுவது கிரானைட் தரையில். நம் தெருவில் ரோட்டை மேலே மேலே போட்டதில் சாக்கடை மூடி ஒரு பக்கம் பள்ளம், இன்னொரு பக்கம் மேடு. மடித்து கார் டிக்கியில் வைக்கிற குட்டிச் சக்கர வண்டி முதல் வேகத்தடையிலேயே வயிறு தட்டி நிற்கும். அந்தச் சந்துக்குள் கார் வந்தால்தானே டிக்கி! மூன்று சக்கரம் திரும்ப வசதிதான், ஆனால் சரிவில் சாயும். நான்கு சக்கரம், காற்றடிக்கும் டயர், அதையே வாங்குங்கள். டேப் எடுத்து வாசற்கதவை அளந்துவிட்டுப் போங்கள்; எங்கள் நிலை 27 அங்குலம். கைப்பிடியில் எந்தப் பக்கத்தை அழுத்தினால் முன்னே போகும் என்று கேளுங்கள். வலது கை மட்டும்தான் என்றால் அதற்கேற்ப மாற்றித் தரச் சொல்லுங்கள்.

இப்போது நாங்கள் ஏமாந்த கதை.

விலை 1,04,000 என்று பேசி முடித்தோம். பணம் கட்டும்போது கடைப் பையன் ரொம்பப் பணிவாக, “மேடம், 86,000 கம்பெனி கணக்குக்கு அனுப்புங்க, பேட்டரிக்கு உண்டான 18,000 இந்த நம்பருக்கு ஜீபே பண்ணிடுங்க, பேட்டரி பிரிவு தனி” என்றான். அங்கேயிருந்து வந்த புத்தி, பிரிவு என்றால் பிரிவு என்று நம்பியது. 86,000-க்கு அழகான பில் வந்தது. 18,000-க்கு ஒரு துண்டுச் சீட்டு, முத்திரைகூட இல்லை.

ஏழு மாதம் ஓடியது. ஒருநாள் கல்மண்டபம் மார்க்கெட்டில் நெத்திலி வாங்கிக்கொண்டு திரும்பும்போது நடுரோட்டில் நின்றுவிட்டது. பின்னால் ஒரு ஷேர் ஆட்டோ, அதன் பின்னால் தண்ணீர் லாரி. நாலு பையன்கள் ஓடிவந்து தள்ளினார்கள், அசையவில்லை. பின்சக்கரத்தருகே இருக்கிற சின்ன நெம்புகோலைத் தட்டினால்தான் மோட்டார் விடும் என்று எனக்கே மறந்துபோயிருந்தது. வாங்கிய அன்றே அதைத் தொட்டுப் பார்த்து வையுங்கள். ஈஸ்ட் ஹாமில் பிளாட்பாரச் சரிவு உண்டு; நாலு பையன்கள் கிடையாது, அதையும் சொல்ல வேண்டும்.

தண்டையார்பேட்டையில் இன்வெர்ட்டர் கடை வைத்திருக்கும் தம்பி வந்து மூடியைக் கழற்றினார். “இன்னாக்கா, லண்டன் வண்டின்னு சொன்னீங்க, உள்ள யூபிஎஸ் பேட்டரி வெச்சிக்கிறான்!” மீட்டரை வைத்தார். சும்மா இருக்கும்போது 25 வோல்ட். என் வீட்டுக்காரரை உட்காரவைத்து ஒரு அடி நகர்த்தியதும் 19-க்கு விழுந்தது. யூபிஎஸ் பேட்டரி எப்போதும் நிறைந்தே இருந்து, கரண்ட் போனால் கொஞ்ச நேரம் வேலை செய்கிற ரகம். தினமும் காலி பண்ணி நிரப்புகிற வேலைக்கு டீப் சைக்கிள் பேட்டரிதான் வேண்டும். போதாததற்கு நம் ஊர் வெயில் வேறு; சூடு ஏற ஏற லெட் ஆசிட் பேட்டரியின் ஆயுள் குறையும்.

கடைக்குப் போன் போட்டால், “பேட்டரி எங்க பில்லிலேயே இல்லையே மேடம்.” 1915 நுகர்வோர் உதவி எண்ணுக்கு அடித்தேன். முதல் கேள்வியே பில் இருக்கிறதா என்பதுதான். நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணமே இல்லை, சென்னை வடக்குக்குத் தனி ஆணையமே இருக்கிறது. ஆனால் துண்டுச் சீட்டை எடுத்துக்கொண்டு போய் நிற்க எனக்கு வெட்கம். என் மகள் இன்னும் போகச் சொல்லித் திட்டுகிறாள்.

ஆகவே ஒரே பில், ஒரே கணக்கு. அந்தப் பில்லிலேயே பேட்டரி எந்த வகை, எத்தனை ஆம்பியர்-அவர் (Ah), சீரியல் நம்பர் என்ன, வாரன்டி எத்தனை மாதம், எல்லாம் எழுதியிருக்க வேண்டும். வண்டியோடு சேர்ந்து வரும் பேட்டரி அந்த 5 சதவீதத்துக்குள்ளேயே அடங்கும். தனியாக வாங்கினால் இப்போது 18 சதவீதம். புது ஜோடிக்கு நான் 22,000 கொடுத்தேன், வரி உட்பட. பில்லோடு!

வாசல் படிக்கு வெல்டிங் பட்டறையில் இரும்பு ராம்ப் அடித்துக்கொண்டோம். இப்போது அதன்மேல் மாடி வீட்டுப் பையன் பல்சரை நிறுத்துகிறான். தினமும் காலை ஆறரைக்கு இவர் ஹாரன் அடிக்க, அவன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு “சாரி அங்கிள்” என்று இறங்கி வருகிறான்.