கொப்பன்ஹேகன் என்று ஒரே கட்சி இருக்கவில்லை

உயர்தரப் பௌதிகவியலில் ஒளிமின் விளைவும் இலத்திரனின் அலைநீளமும் படித்தால் பரீட்சைக்குப் போதும். அதற்கு மேற்பட்ட குவாண்டம் கதையை யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் யூரியூப்பில்தான் பொறுக்கிக்கொள்கிறார்கள். பிழைகளும் அங்கிருந்தே கூட வருகின்றன.

பெரிய பிழை இது: 1927 இல் பிரசெல்ஸில் நடந்த சொல்வே மாநாட்டில் குவாண்டம் கோட்பாட்டின் பொருள் என்ன என்ற விவாதத்தில் ஐன்ஸ்டைனை கொப்பன்ஹேகனைச் சேர்ந்த நீல்ஸ் போர் வென்றார், அவர் பக்கத்து 'கொப்பன்ஹேகன் விளக்கம்' நிலைத்தது, மற்ற விளக்கங்கள் எல்லாம் பிறகு முளைத்தவை என்பது. அதே மாநாட்டிலேயே பிரெஞ்சுப் பௌதிகவியலாளர் டி பிராய் வேறொரு விளக்கத்தை வைத்தார். துணிக்கைக்கு எப்போதும் ஓர் இடம் உண்டு, அலை அதை வழிநடத்துகிறது என்றார். பௌலி மறுத்தார், டி பிராயும் கொஞ்சக் காலத்தில் அதைக் கைவிட்டார். 1952 இல் டேவிட் போம் அதே வழியைத் தானாகக் கண்டுபிடித்து விரிவாக்கினார்.

வென்றதாகச் சொல்லப்படும் பக்கமும் ஒன்றாய் இருக்கவில்லை. துணிக்கையின் இடத்தையும் உந்தத்தையும் ஒருசேரத் துல்லியமாக அறிய முடியாது என்ற நிச்சயமின்மையை விளக்க, போரின் பக்கத்தவரான ஹைசன்பேக் ஒரு காமாக்கதிர் நுணுக்குக்காட்டியைக் கற்பனை செய்தார்: ஒளி மோத இலத்திரன் உதைபடும். உதை மட்டும் போதாது, சிதறிய ஒளி வில்லைக்குள் எந்தத் திசையில் நுழைந்தது என்று தெரியாததே விஷயம் என்று போர் பிடித்துக்கொண்டார். கடைசியில் ஹைசன்பேக் கட்டுரையின் முடிவில் ஒரு பின்குறிப்புச் சேர்க்க வேண்டியதாயிற்று. துணிக்கை எங்கெங்கே இருக்கலாம் என்பதைக் குறிக்கும் அலைச்சார்பு அளக்கும்போது 'சரிகிறது', அதாவது பல சாத்தியங்கள் ஒன்றாகிவிடுகின்றன என்பதற்குக் கணித வடிவம் கொடுத்தவர் போர் அல்ல, 1932 இல் நூல் எழுதிய கணிதவியலாளர் வொன் நொய்மன். 'கொப்பன்ஹேகன் விளக்கம்' என்ற பெயர்ப்பலகையைப் பரப்பியதும் 1950களில் ஹைசன்பேக்தான். ஆகவே 'கொப்பன்ஹேகன் சொல்கிறது' என்று யாராவது தொடங்கினால், எவர் சொன்னது என்று கேளுங்கள்.

2022 பௌதிகவியல் நோபல் பரிசோடு மறைமாறிகள், அதாவது அளவீட்டின் விடையை முன்பே தீர்மானிக்கும் மறைந்த கணியங்கள், ஒழிந்தன என்பதும் பிழை. 1964 இல் ஜோன் பெல் காட்டிய தேற்றமும் அந்தப் பரிசைப் பெற்றுத் தந்த பின்வந்த பரிசோதனைகளும் அடைத்தது, தூரத்திலிருந்து உடனடியாகப் பாதிக்கப்படாத மறைமாறிகளின் வழியை. போமின் கொள்கை அந்த வகை அல்ல. பெல்லே அதை விரும்பிப் பேசியவர்.

பெட்டிக்குள் ஒரே நேரத்தில் உயிரோடும் செத்தும் இருப்பதாகச் சொல்லப்படும் பூனையைப் பற்றி அதிகம் வேண்டாம். 1935 இல் ஷுரோடிங்கர் அதை எழுதியது நக்கலுக்கு.

பிரசங்க மேடைகளில் 'பார்ப்பவரின் மனமே உலகை ஆக்குகிறது என்று விஞ்ஞானமும் ஒப்புக்கொண்டுவிட்டது' என்று அடித்துச் சொல்லும்போது கைதட்டல் விழும். அளவீட்டில் உணர்வுக்குப் பங்கு உண்டு என்று 1961 இல் பௌதிகவியலாளர் விக்னர் எழுதியது உண்மை. அவரே பின்னர் அந்த நிலைப்பாட்டை விட்டுவிட்டார்.