கேப்பிடல் எழுத்து மரியாதைக்கு அல்ல

தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பிரிவே கிடையாது. அதனாலோ என்னவோ, ஆங்கிலத்தில் ஆய்வுக் கட்டுரை எழுதும்போது நம்மில் பலர் ஒரு கணக்கு வைத்திருக்கிறோம்: முக்கியமான சொல்லா, கேப்பிடலில் போடு. தீசிஸ் வரைவுகளில் புரதம், நொதி, கரைசல், வெப்பநிலை என எல்லாவற்றுக்கும் இந்த மரியாதை கிடைத்துவிடுகிறது. இவை பொதுப் பெயர்கள். ஸ்மால் எழுத்தே போதும். வேறு சில இடங்களில் எழுத்து மாறினால் பொருளே மாறிவிடும்.

முக்கியமாக அலகுகளில். ஸ்மால் எம் மில்லி, கேப்பிடல் எம் மெகா. இரண்டுக்கும் நடுவே 100 கோடி மடங்கு. கூடங்குளத்தில் ஓர் உலையின் திறன் 1000 மெகாவாட். அந்த எம்மை ஸ்மாலாகப் போட்டால் மிஞ்சுவது 1 வாட். மாறாக, 5 மில்லிகிராம் மருந்துக்குக் கேப்பிடல் எம் போட்டால் நோயாளிக்கு 5 டன் கொடுக்கச் சொல்கிறீர்கள்.

கிலோவுக்கு எப்போதும் ஸ்மால் கே. கேப்பிடல் கே, வெப்பநிலை அலகான கெல்வினின் குறியீடு. அரிசி மூட்டையில் கேப்பிடல் கே போட்டு, பன்மைக்கு ஒரு எஸ்ஸும் சேர்த்து அச்சடித்திருப்பார்கள். கடைக்குச் சரி, கட்டுரைக்கு ஆகாது. அலகுக் குறியீட்டுக்குப் பன்மை இல்லை. வாக்கியம் அங்கேயே முடிந்தாலொழியப் புள்ளியும் இல்லை. எண்ணுக்கும் அலகுக்கும் இடையே ஓர் இடைவெளி வேண்டும்.

விஞ்ஞானியின் பெயரைத் தாங்கிய அலகுகளில்தான் அதிகம் தடுமாறுகிறோம். குறியீடு கேப்பிடல், ஆனால் அலகின் பெயரை முழுதாக எழுதினால் ஸ்மால். நியூட்டன் என்ற மனிதருக்குக் கேப்பிடல் என், நியூட்டன் என்ற அலகுக்கு ஸ்மால் என். செல்சியஸ் விதிவிலக்கு: டிகிரி ஸ்மாலிலும் செல்சியஸ் கேப்பிடலிலும் தொடங்கும். கெல்வினுக்கு முன்னால் டிகிரி போடும் வழக்கத்தை 1967-லேயே கைவிட்டார்கள். நம் ஆய்வக நோட்டுகள் இன்னும் கைவிடவில்லை. லிட்டர் என்ற பெயரில் விஞ்ஞானி யாரும் இல்லை. ஆனாலும் ஸ்மால் எல், எண் 1 போலத் தெரிவதால், 1979-இல் கேப்பிடல் எல்லுக்கும் அனுமதி கிடைத்தது. எதைப் போட்டாலும் கட்டுரை முழுக்க அதையே போடுங்கள்.

வேதியியலில் ஓர் உதாரணம் போதும். சி-யும் ஓ-வும் இரண்டுமே கேப்பிடல் என்றால் கார்பன் மோனாக்சைடு. ஓ மட்டும் ஸ்மால் என்றால் கோபால்ட்.

உயிரினப் பெயருக்கு வேம்பை எடுத்துக்கொள்வோம்: அசாடிராக்டா இண்டிகா. பேரினம் கேப்பிடலில் தொடங்கும், சிற்றினம் ஸ்மாலில். இண்டிகா இந்தியாவைக் குறிக்கிறதே என்று கேப்பிடல் போடக் கை துறுதுறுக்கும், கூடாது. இரண்டு சொல்லும் சாய்வெழுத்தில் வர வேண்டும். முதல் முறை முழுப் பெயர், அப்புறம் ஏ. இண்டிகா. ஏ-யில் தொடங்கும் இன்னொரு பேரினமும் அதே கட்டுரையில் வந்தால் சுருக்காமல் விடுவதே நல்லது. ஜீன் குறியீடுகளில் இன்னும் கவனம் தேவை. பொதுவாக மனித ஜீனுக்கு எல்லா எழுத்தும் கேப்பிடல், சுண்டெலி ஜீனுக்கு முதல் எழுத்து மட்டும், இரண்டும் சாய்வில்; புரதத்தின் குறியீடு நேர் எழுத்தில். மனித ஜீனைப் பற்றி எழுதுகிறீர்களா, எலி ஜீனைப் பற்றியா என்பதை, ஆய்விதழுக்காகக் கட்டுரையை மதிப்பிடும் விமர்சகர் இதை வைத்தே ஊகிப்பார்.

சுருக்கப் பெயர் கேப்பிடலில் இருப்பதால் அதன் விரிவும் அப்படியே இருக்க வேண்டும் என்று நினைப்பது எனக்கு மிகவும் எரிச்சல் தரும் தவறு. டிஎன்ஏ-வைப் படியெடுத்துப் பெருக்கும் முறையான பிசிஆர் கேப்பிடல்தான். விரித்து எழுதும் பாலிமரேஸ் செயின் ரியாக்‌ஷனுக்கு வாக்கியத்தின் நடுவில் ஒரு கேப்பிடலும் வேண்டாம். ஆள் பெயர் இருந்தால் அதற்கு மட்டும்: 1928-இல் கண்டறிந்த ராமன் விளைவில் ராமனுக்குக் கேப்பிடல், விளைவுக்கு ஸ்மால்.

தலைப்பு, படம், அட்டவணை விஷயத்தில் ஒவ்வோர் ஆய்விதழுக்கும் ஒரு பழக்கம். அனுப்பப்போகும் இதழின் வழிகாட்டிக் குறிப்பைப் பாருங்கள். சண்டை போட்டுப் பயனில்லை.

அனுப்புவதற்கு முன், கேப்பிடலையும் ஸ்மாலையும் பிரித்துத் தேடும் வசதியைப் போட்டு, ஒவ்வோர் அலகையும் தனித்தனியாகத் தேடிப் பாருங்கள். மொத்தமாக மாற்றும் பொத்தானை மட்டும் அழுத்தாதீர்கள்: மில்லியைத் திருத்தப் போய் மெகாவும் மாறிவிடும்.