தொழில்முறைத் தெளிப்பாளர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி அளிக்கும் முறை

பூச்சிக்கொல்லி தெளிப்பதையே தொழிலாகக் கொண்டவர், தம் நிலத்துக்கு மட்டும் எப்போதாவது தெளிக்கும் விவசாயியைவிட மிக அதிக நேரம் நஞ்சுக்கு அருகில் நிற்கிறார். ஆகவே, அவருக்கான பயிற்சி சொற்பொழிவாக முடிந்துவிடாமல், கைகளால் செய்து பழகுவதாக அமைய வேண்டும்.

முதலில் மருந்துக் கலனில் ஒட்டியுள்ள லேபிளை எடுத்துக்கொள்ளுங்கள். அளவு, அணிய வேண்டிய கவசங்கள், தெளித்த இடத்துக்குள் மீண்டும் நுழையக் காத்திருக்க வேண்டிய நேரம், முதலுதவி ஆகியவற்றை ஒவ்வொருவரும் படித்துத் தம் சொற்களிலேயே விளக்க வேண்டும்.

அதிக நேரத்தை மருந்து கலக்கும் பயிற்சிக்கே ஒதுக்குங்கள். நீர் சேராத மருந்தைக் கையாளும் அந்தச் சில நிமிடங்களில்தான் ஆபத்து மிகுதி. நஞ்சு உடலுக்குள் நுழையும் முக்கிய வழியும் பெரும்பாலும் தோலே. முகமூடி அணிந்துவிட்டால் போதும் என்று நம்புபவரிடம் இதைச் சொல்லிப் புரியவைப்பது கடினம், கண்ணால் காணச்செய்வது எளிது. புறஊதா ஒளியில் ஒளிரும் பாதுகாப்பான சாயத்தை நீரில் கலந்து, அதையே மருந்தாகக் கருதி ஊற்றவும் தெளிக்கவும் செய்யுங்கள். பிறகு இருட்டறையில் புறஊதா விளக்கைக் காட்டினால், மணிக்கட்டிலும் கழுத்திலும் தொடையிலும் படிந்திருப்பதை அவரே காண்பார். கையுறையைக் கழற்றும் முன் அதன் வெளிப்புறத்தைக் கழுவ வேண்டியதன் காரணத்தையும் அப்போதே விளக்கிவிடலாம். துணி, தோல் கையுறைகள் மருந்தை உறிஞ்சி வைத்துக்கொள்வதால் அவற்றை அனுமதிக்கவே கூடாது; பல மருந்துகளுக்கு நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர் கையுறை ஏற்றது என்றாலும், லேபிள் சொல்வதே முடிவானது.

குறிப்பிட்ட பரப்புக்குத் தெளிப்பான் எவ்வளவு செலவிடுகிறது என்பதை வெறும் நீரால் அளவிடப் பழக்குங்கள். 100 சதுர மீட்டருக்கு 4 லிட்டர் செலவானால், ஹெக்டேருக்கு 400 லிட்டர் தேவை. அடைத்துக்கொண்ட தெளிப்பு முனையை (நாசிலை) வாயால் ஊதும் வழக்கத்தை எவரிடம் கண்டாலும் உடனே நிறுத்துங்கள்.

பலத்த காற்றில் தெளிக்கக் கூடாது என்பது பலருக்கும் தெரியும். ஆனால், காற்று அசையாத விடியற்காலையும் எப்போதும் உகந்ததன்று. தரையை ஒட்டிய குளிர்காற்றின்மேல் வெப்பக்காற்று மூடிநிற்கும்போது, நுண்துளிகள் படியாமல் மிதந்து வெகுதூரம் நகர்ந்துவிடும்.

நஞ்சேறியதன் அறிகுறிகளையும் கற்பியுங்கள். ஆர்கனோபாஸ்பேட் என்ற பூச்சிக்கொல்லி வகை மருந்துகளால் வியர்வையும் எச்சிலும் பெருகும், கண்பாவை சுருங்கும், தசைகள் துடிக்கும். வெயிலால் வந்த சோர்வு என்று எண்ணி நிழலில் உட்காரவைத்துக் காத்திருப்பது உயிருக்கே ஆபத்தாகலாம். உதவுபவர் கையுறை அணிந்து, நனைந்த உடையைக் களைந்து, உடலைச் சோப்பு நீரால் கழுவி, லேபிளுடன் பாதிக்கப்பட்டவரை உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

தேர்வை வினாத்தாளோடு நிறுத்தாதீர்கள். சில வாரங்கள் கழித்துப் பணியிடத்துக்கே சென்று, பயிற்சி பெற்றவர் மருந்து கலப்பதையும் காலிக் கலனை மூன்று முறை அலசி, அந்த நீரைத் தெளிப்பான் தொட்டியிலேயே ஊற்றுவதையும் நேரில் பார்த்த பின்னரே சான்றளியுங்கள்.