கொழும்பில் வீடு, காணி விற்றுக் கொடுக்க ஒரு குழு அமைப்பது எப்படி?

தனியாக ஓடித் திரிந்து வீடு, காணி விற்றுக் கொடுப்பவருக்கு ஒரு கட்டத்தில் போன் ஓயாது. வெள்ளவத்தையில் ஒருவருக்கு வீடு காட்டிக்கொண்டிருக்கும்போதே கொட்டாஞ்சேனையில் இன்னொருவர் வாசலில் காத்து நிற்பார். அந்த நேரத்தில் அநேகம் பேர் தெரிந்த தரகர் இரண்டு பேரைக் கூடச் சேர்த்துக்கொள்கிறார்கள். அப்படித் தொடங்க வேண்டாம். முதலில் சேர்க்க வேண்டியவர் உறுதியும் (காணி, வீட்டு உரிமைப் பத்திரம்) வரைபடமும் பார்க்கத் தெரிந்த ஒருவர். முதலில் எழுத வேண்டியது கொமிஷன் பிரிக்கும் ஒப்பந்தம். விற்பனைக்கு ஆட்கள் அதற்குப் பிறகு வரட்டும்.

படி 1: எல்லையைப் போடுங்கள்

கொழும்பு முழுவதையும் ஒரு சிறிய குழுவால் பார்க்க முடியாது. பின்னேரத்தில் காலி வீதியில் பம்பலப்பிட்டியிலிருந்து தெஹிவளைக்குப் போனவருக்கு இதை விளக்கத் தேவையில்லை. வெள்ளவத்தையும் தெஹிவளையும் ஒரு வட்டம். கொட்டாஞ்சேனை, மட்டக்குளி, வத்தளை இன்னொரு வட்டம். ஒன்றை எடுங்கள். வட்டத்துக்குள்ளேயே நீங்கள் போக வேண்டிய அரச அலுவலகம் மாறும் என்பதையும் கவனியுங்கள். வெள்ளவத்தை கொழும்பு மாநகர சபைக்குள் வருகிறது, தெஹிவளை தெஹிவளை–கல்கிசை மாநகர சபைக்குள் வருகிறது. வத்தளை கம்பஹா மாவட்டம்.

படி 2: பெயரைப் பதியுங்கள்

தனி ஆளாகவோ பங்காளியோடோ தொடங்கினால் பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதியலாம். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிச் சட்டத்தின் கீழ் கம்பனியாகவும் பதியலாம். பங்காளி இருந்தால் கம்பனியே நல்லது என்பது என் கருத்து, ஏனென்றால் யாருக்கு எவ்வளவு பங்கு என்பது தொடக்கத்திலேயே எழுத்தில் வந்துவிடும். வங்கிக் கணக்கும் அந்தப் பெயரில் இருக்கட்டும். கொமிஷன் யாருடைய சொந்தக் கணக்குக்கும் போகக் கூடாது.

இன்னொன்றும் உண்டு, பலர் இதைக் கவனிப்பதில்லை. 2006ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க நிதிக் கொடுக்கல் வாங்கல்களை அறிக்கையிடல் சட்டம் வீடு, காணி முகவர்களுக்கும் பொருந்தும். வாங்குபவர் யார், பணம் எங்கிருந்து வருகிறது என்பதைக் கேட்டுப் பதிந்து வைக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் மத்திய வங்கியின் நிதியியல் உளவறிதல் பிரிவுக்கு அறிவிக்க வேண்டும். குழுவில் ஒருவரை இதற்குப் பொறுப்பாக்குங்கள்.

படி 3: முதல் ஆள், ஆவணம் பார்ப்பவர்

ஒரு வீட்டை விளம்பரத்தில் போடுவதற்கு முன்பே அதன் கடதாசிகள் உங்கள் கையில் இருக்க வேண்டும். அதற்குத்தான் இவர். தனிவீடு அல்லது காணி என்றால் உறுதியின் பிரதி, நில அளவை வரைபடம், காணிப் பதிவகப் பதிவேட்டுப் பிரதி, மாநகர சபைக்கு வரி கட்டிய பற்றுச்சீட்டு, வீதிக் கோட்டுச் சான்றிதழ் (வீதியை அகலப்படுத்தினால் காணி பாதிக்கப்படுமா என்று காட்டுவது) ஆகியவற்றைச் சேர்க்க வேண்டும். தொடர்மாடி வீடு என்றால் கூட்டாதன வரைபடம் (ஒவ்வொரு வீட்டையும் தனித்தனியாகக் காட்டும் கட்டிட வரைபடம்), கட்டி முடித்தபின் கொடுக்கப்படும் இணக்கச் சான்றிதழ், பராமரிப்புக் கட்டணத்தில் பாக்கி இருக்கிறதா என்ற விபரம் எல்லாம் வேண்டும். வெள்ளவத்தையில் வாங்க வருபவர் முதலில் கேட்பதே “உறுதி தனியாக இருக்கிறதா?”, அதாவது அந்த வீட்டுக்கென்று தனி உறுதி உண்டா என்றுதான். அதற்கு “கேட்டுச் சொல்கிறேன்” என்று பதில் சொன்னால் அவர் அடுத்த தரகரிடம் போய்விடுவார்.

இவர் சட்டத்தரணி ஆக வேண்டியதில்லை. முப்பது வருடப் பதிவுகளைத் தேடி உரிமை சரியா என்று சொல்வது வாங்குபவரின் நொத்தாரிசுடைய (உறுதி எழுதிக் கொடுப்பவர்) வேலை. பரிசோதனைக்கு வேண்டியவற்றை ஒரே கோவையில் கொடுப்பது உங்கள் ஆளின் வேலை.

கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஒரு பேர்ச்சஸ் 272.25 சதுர அடி, 160 பேர்ச்சஸ் ஓர் ஏக்கர். உறுதி எழுதும்போது முத்திரை வரி முதல் லட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம். 4 கோடி ரூபாய் வீட்டுக்கு அது கிட்டத்தட்ட 16 லட்சம் வரும். இதை வாங்குபவருக்கு முதல் நாளே சொல்லிவிடுங்கள். கடைசி வாரத்தில் தெரியவந்தால் விலை பேச்சு மறுபடி ஆரம்பிக்கும்.

கனடா, லண்டன் வாடிக்கையாளர்கள் நம்மவர் குழுவுக்கு நிறைய வருவார்கள். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டுப் பிரஜை ஒருவரின் பெயருக்குக் காணி எழுத முடியாது. தொடர்மாடி வீடுகளுக்குச் சட்டம் சொல்லும் நிபந்தனைகளோடு விலக்கு உண்டு. இரட்டைப் பிரஜாவுரிமை உள்ளவருக்கு இந்தத் தடை இல்லை. ஆகவே மொன்றியலில் இருந்து அழைக்கும் அண்ணாவிடம் வீட்டுப் படம் அனுப்புவதற்கு முன் எந்தக் கடவுச்சீட்டு என்று கேட்க வேண்டும். விற்பவர் வெளிநாட்டில் என்றால் அவருக்காகக் கையெழுத்துப் போடும் அதிகாரப் பத்திரமான அற்றோணித் தத்துவம் யாரிடம் இருக்கிறது, அது பதியப்பட்டதா என்றும் பாருங்கள்.

படி 4: வீடு சேர்ப்பவர், வீடு காட்டுபவர்

இந்த இரண்டும் வேறு வேறு வேலை. வீடு சேர்ப்பவருக்குப் பொறுமை வேண்டும். உரிமையாளரோடு விலை பேசி, படம் எடுத்து, இக்மன் இணையதளத்திலும் ஞாயிறு வீரகேசரியிலும் விளம்பரம் போடுவது அவர். வீடு காட்டுபவர் வாங்குபவரோடு நடப்பவர். அவருக்கு நேரம் தவறாமை வேண்டும். மூன்று பேர் உள்ள குழுவில் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றும் இருக்க வேண்டும். வெள்ளவத்தை வீட்டின் விற்பவர் தமிழராகவும், நில அளவையாளர் சிங்களவராகவும், வாங்குபவரின் பிள்ளைகள் ஆங்கிலம் மட்டும் பேசுபவர்களாகவும் இருப்பது சாதாரணம்.

ஒரு பெண்ணையாவது குழுவில் சேருங்கள். பிள்ளைகள் வெளிநாட்டில், அம்மா மட்டும் வீட்டில் என்ற குடும்பங்கள் இங்கே அதிகம். “அன்ரி, பத்து மணிக்கு வரலாமா?” என்று ஒரு பெண் அழைத்துக் கேட்டால் கதவு சுலபமாகத் திறக்கும். ஆளில்லாத வீட்டைக் காட்ட அவரைத் தனியாக அனுப்ப வேண்டாம், இரண்டு பேராகப் போகட்டும்.

படி 5: கொமிஷன் ஒப்பந்தம்

குழுக்கள் உடைவது பெரும்பாலும் இங்கேதான். விற்பனைக்கு 3 வீதம், வாடகைக்கு ஒரு மாத வாடகை என்பது கொழும்பில் பொதுவாகப் பேசப்படும் கொமிஷன். 4 கோடி வீடு ஒன்று விற்றால் 12 லட்சம் வருகிறது என்று வைப்போம். நான் பரிந்துரைக்கும் பிரிப்பு: அலுவலகத்துக்கு 40 வீதம், அதாவது 4 லட்சத்து 80 ஆயிரம். வாங்குபவரைக் கொண்டுவந்து முடித்தவருக்கு 30 வீதம், 3 லட்சத்து 60 ஆயிரம். வீட்டைச் சேர்த்தவருக்கு 25 வீதம், 3 லட்சம். ஆவணம் பார்த்தவருக்குச் சம்பளத்துக்கு மேல் 5 வீதம், 60 ஆயிரம். அலுவலகப் பங்கு கூட என்று தோன்றலாம். விளம்பரம், வாடகை, சம்பளம் எல்லாம் அதிலிருந்துதான் போகிறது.

வெளித் தரகர் வாங்குபவரைக் கொண்டுவந்தால் பாதியை அவருக்குக் கொடுத்துவிட்டு மிச்சத்தை, முடித்தவரின் பங்கு இல்லாமல், உள்ளே பிரியுங்கள். அந்த அளவையும் முன்கூட்டியே எழுதுங்கள்.

அடுத்து, பார்ட்டி, அதாவது வாங்க வரும் வாடிக்கையாளர், யாருடையது என்ற கேள்வி. ஒரே வாங்குபவர் இரண்டு பேருக்கும் அழைப்பார், அதைத் தடுக்க முடியாது. எல்லோரும் பார்க்கக்கூடிய ஒரு பொது அட்டவணையில் பெயர், தொலைபேசி எண், தேதி ஆகியவற்றை யார் முதலில் பதிகிறாரோ அவருடைய பார்ட்டி. அந்த உரிமை 60 நாளுக்கு. அதற்குள் அவர் தொடர்பு கொள்ளாமல் விட்டால் மற்றவர் எடுக்கலாம். வாட்ஸ்அப்பில் “நான்தான் முதலில் பேசினேன்” என்பது செல்லாது. பங்கு எப்போது கைக்கு வரும் என்பதையும் எழுதுங்கள்: நொத்தாரிசு முன் உறுதி எழுதி, கொமிஷன் அலுவலகக் கணக்குக்கு வந்தபின். அட்வான்ஸ் வாங்கிய அன்று பிரித்தால், பேரம் முறிந்தால் திருப்பிக் கேட்க வேண்டி வரும்.

படி 6: சம்பளம்

ஆவணம் பார்ப்பவருக்கு மாதச் சம்பளம் கொடுங்கள். ஊழியர் சேமலாப நிதியத்துக்கு நீங்கள் 12 வீதம், அவர் 8 வீதம்; ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்கு நீங்கள் மட்டும் 3 வீதம். 80 ஆயிரம் சம்பளம் என்றால் உங்கள் கையிலிருந்து மேலதிகமாக 12 ஆயிரம். கொமிஷனில் மட்டும் வேலை செய்பவர்களை எந்த வகையில் சேர்ப்பது என்பதை ஒப்பந்தம் எழுதும் முன்பே கணக்காளரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

படி 7: திங்கள் காலைக் கூட்டம்

அரை மணி நேரம் போதும். எந்த வீட்டின் கடதாசி குறை, எந்த பார்ட்டிக்கு இந்த வாரம் அழைக்க வேண்டும், எந்த விளம்பரத்தை எடுக்க வேண்டும் என்ற மூன்றை மட்டும் பேசுங்கள். விற்றுப்போன வீட்டின் விளம்பரத்தை அன்றைக்கே எடுத்துவிடுங்கள். வீடு காட்டுபவர் ஒவ்வொரு வாரமும் அழைப்புகளைத் தவறவிடத் தொடங்கினால் நான்காவது ஆளைத் தேடலாம்.