பிள்ளை நம்மிடம் உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால்

போன வருஷம் காலாண்டுத் தேர்வு முடிந்து கொடுத்த ரேங்க் கார்டில் என் கையெழுத்தை என் மகனே போட்டுக்கொண்டு போய்விட்டான். அவனுக்கு வயது 11. கணக்கில் 100க்கு 31. டியூஷன் டீச்சர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். சாயங்காலம் அவன் வந்ததும், ஒன்றும் தெரியாதவள் மாதிரி, "ரேங்க் கார்டு குடுத்துட்டாங்களாடா?" என்று கேட்டேன். "இன்னும் இல்லம்மா" என்றான். பளாரென்று ஓர் அறை.

நாலு நாள் என்னிடம் பேச்சில்லை. அதற்கப்புறம் சைக்கிள் பஞ்சரானாலும் அப்பத்தாவிடம்தான் போய்ச் சொன்னான். பொய் சொன்னதைக்கூட நான் தாங்கிக்கொண்டேன். உண்மையைச் சொல்ல வேறு ஆளைத் தேடிக்கொண்டானே என்றுதான் ராத்திரியெல்லாம் தூக்கம் வரவில்லை. அதிலிருந்து நான் மாற்றிக்கொண்டதைத்தான் இங்கே சொல்கிறேன்.

பதில் தெரிந்த கேள்வியைப் பிள்ளையிடம் கேட்காதீர்கள். அது கண்ணி வைக்கிற வேலை. பயந்த பிள்ளை அதில் விழாமல் என்ன செய்யும்? "கணக்குல 31 வந்திருக்குன்னு கேள்விப்பட்டேன். எங்க கஷ்டமா இருக்கு?" என்று ஆரம்பித்தால் அங்கே பொய்க்கு வேலையே இல்லை.

எதிரே நிற்க வைத்தும் விசாரிக்காதீர்கள். கைக்கு ஒரு வேலை கொடுத்துப் பக்கத்தில் உட்கார வையுங்கள். காரைக்குடியில் நான் ஆர்டருக்குப் பலகாரம் செய்கிறேன். வெள்ளைப் பணியாரத்துக்கு எங்கள் பக்கத்து அளவு ஒன்று உண்டு. பச்சரிசியை உழக்கில் தலைதட்டி அளந்து, அதன் மேலேயே உளுந்தைக் கோபுரமாகக் குவிக்க வேண்டும். நிற்கிற வரைக்கும் குவித்தால் அதுதான் சரியான அளவு. அந்தக் குவிக்கிற வேலை இவனுக்கு ரொம்பப் பிடிக்கும். ஒரு பருப்புகூட உருண்டு விழுந்துவிடாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு வைப்பான். அன்றைக்கும் அப்படித்தான், கண் உழக்கில் இருக்க, வாய் தானாகப் பேசியது: "பின்னம் வந்ததுலேர்ந்து எனக்கு எதுவுமே புரியலம்மா. சந்தேகம் கேட்டா பசங்க சிரிக்கிறாங்க."

எனக்கு நாக்கு நுனி வரை வந்தது, இதை அப்பவே சொல்றதுக்கென்ன என்று. விழுங்கிக்கொண்டு "ம்" மட்டும் கொட்டினேன். ஒரு படி அரிசி ஊறுகிற நேரத்துக்குள் மிச்சமெல்லாம் அவனே சொல்லிவிட்டான்.

அதன் பிறகு பின்னத்தை அடுப்படியில்தான் படித்தோம். ஒரு படிக்கு இரண்டு உரி, நாலு உழக்கு, எட்டு ஆழாக்கு. உரி என்றால் அரை, உழக்கு கால், ஆழாக்கு அரைக்கால். அரைக்காலும் அரைக்காலும் சேர்ந்தால் கால் என்று அரிசியைக் கொட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டான்.

நாம் செய்தது தப்பென்றால் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். "உன்னை அடிச்சது அம்மா தப்பு" என்றேன். அதோடு நிறுத்திவிடுங்கள். "ஆனா நீயும்..." என்று இழுத்தால் கேட்ட மன்னிப்பு அதோடு போச்சு.

அதற்காகக் கையெழுத்துப் போட்டதை அப்படியே விட்டுவிடவும் கூடாது. மறுநாள் கிளாஸ் டீச்சரிடம் அவனே போய்ச் சொன்னான். நான் பக்கத்தில் நின்றேன், வாயைத் திறக்கவில்லை. பள்ளியில் அடித்துவிடுவார்களோ என்று பயந்தான். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு அதைத் தடுக்கிறது, உன்னை யாரும் அடிக்க முடியாது என்று சொல்லித்தான் கூட்டிப்போனேன். சொல்லும்போதே என் கைதானே முதலில் ஓங்கியது என்று மனசு குத்தியது.

எங்கள் ஊர்ப் பக்கம் நிறைய வீடுகளில் அப்பா வெளிநாட்டில். இவன் அப்பா சிங்கப்பூரில். இங்கே ராத்திரி 8 மணி என்றால் அங்கே 10:30. களைத்துப் போய்ப் பேச வருகிற மனுஷனிடம் அன்றைய குற்றப் பட்டியலை வாசித்து, "நீங்களே கேளுங்க" என்று போனைப் பிள்ளை கையில் திணிக்காதீர்கள். அப்புறம் அப்பா போன் வந்தாலே பிள்ளை ஒளிந்துகொள்ளும். விசேஷ வீட்டில் நாலு பேர் நடுவே மார்க்கைப் பற்றிப் பேசுவதும் வேண்டாம்.

இதெல்லாம் மார்க்குக்காக மட்டும் சொல்லவில்லை. என் மகளுக்கு 15 வயது. பஸ்ஸில் ஒரு ஆள் தினமும் வேண்டுமென்றே உரசுகிறான் என்று தை மாசம் ஒருநாள் பாத்திரம் துலக்கும்போது சொன்னாள். "நீ ஏன் அங்க போய் நின்ன?" என்று நான் கேட்டிருந்தால் அவள் வாயை அதோடு மூடியிருப்பாள். "சொன்னியே, அது போதும். தப்பு உன் மேல இல்ல" என்றேன். மறுநாள் நானும் அதே பஸ்ஸில் ஏறினேன். அவன் கிட்டே வந்ததும் பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி சத்தம் போட்டேன், கண்டக்டர் அவனை இறக்கிவிட்டார்.

18 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளைப் பாலியல் தொல்லையிலிருந்து காக்க 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் இருக்கிறது. என்ன செய்வதென்று தெரியாவிட்டால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குக் கூப்பிடுங்கள், எந்த நேரமும் எடுப்பார்கள், காசு கிடையாது. அந்த எண்ணை எங்கள் வீட்டில் அரிசிப் பானைக்கு மேலே, பிள்ளைகள் கண்ணில் படுகிற உயரத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.